கல்யாண வீடியோவில் கறுப்புப் பட்டை போட்ட கதை

மதுரைப் பக்கம் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறேன். டைட்டில் எழுத்துக்குப் பின்னால் கலர் போடுவதெல்லாம் ஒரு வேலையா என்று நினைத்தவன்தான். போன வைகாசியில் ஒரு வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

தாலி கட்டும் ஷாட்டில் மணமக்கள் பெயர் வர வேண்டும். வெள்ளை எழுத்து. பின்னால் நின்றவர்கள் எல்லாரும் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. பெயரில் பாதி வேட்டிக்குள் போய்விட்டது. ஓரக்கோடு கொடுத்துப் பார்த்தேன்; தடித்ததும் 'ஞ', 'ணி' சுழியெல்லாம் அடைத்துக்கொண்டது. சரி என்று எடிட்டிங் சாஃப்ட்வேரான அடோபி பிரீமியரில் எசென்ஷியல் கிராஃபிக்ஸ் பேனலைத் திறந்து, அப்பியரன்ஸ் பகுதியில் இருக்கும் பேக்கிரவுண்டை டிக் செய்தேன். (புது வெர்ஷனில் இது பிராப்பர்ட்டீஸ் பேனலுக்குப் போய்விட்டது.) கறுப்புப் பட்டை, ஒபாசிட்டி (அடர்த்தி) 75 சதவீதம். பெயர் பளிச்சென்று நின்றது.

வீட்டில் போட்டுக் காட்டினேன். பெண்ணின் அப்பத்தா ஒரு நிமிடம்கூடப் பொறுக்கவில்லை. "ஏம்ப்பா, இது கல்யாணமா கருமாதியா? கறுப்புல பேரு போட்டு வச்சிருக்க?"

கண்ணீர் அஞ்சலி போஸ்டர்தான் அவருக்கு ஞாபகம் வந்திருக்கிறது. அன்று ராத்திரியே முகூர்த்தப் புடவையில் ஐட்ராப்பரை (படத்திலிருந்து நிறத்தை எடுக்கும் கருவி) வைத்து அரக்கு நிறத்தை எடுத்துப் பட்டைக்குப் போட்டேன், எழுத்தை மஞ்சளாக்கினேன். மறுநாள் அப்பத்தா காப்பி கொடுத்து அனுப்பினார். உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள்.

பதில் 1

எனக்கு நடந்தது திருவிழா வீடியோவில். கமிட்டிக்காரர்கள் சிவப்பு எழுத்து, நீலப் பட்டைதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார்கள். எடிட் செய்யும்போது கண்ணுக்கு நன்றாகத்தான் இருந்தது. எக்ஸ்போர்ட் செய்து டிவியில் போட்டால் எழுத்தின் ஓரமெல்லாம் ஈரத்தில் நனைந்த சாயம் மாதிரி கசிந்திருந்தது.

என் கை வேலையில்தான் கோளாறு என்று நினைத்து மூன்று முறை ரெண்டர் போட்டேன். கோளாறு அதில் இல்லை. நாம் வழக்கமாக எடுக்கும் 4:2:0 வீடியோவில் வெளிச்சத்தை 1920×1080 புள்ளிகளுக்கும் எழுதிவைக்கிறது. நிறத்தை 960×540க்கு மட்டும்தான். சிவப்பு, நீலம் இரண்டும் வெளிச்சக் கணக்கில் மங்கல். அதனால் எழுத்தின் விளிம்பைக் காட்டும் பாரம் முழுக்க அந்தக் குறைந்த நிறப்புள்ளிகள் தலையில் விழுகிறது. நீலத்தை அப்படியே வைத்து எழுத்தை மட்டும் வெள்ளையாக்கினேன், கசிவு போச்சு. இப்போதெல்லாம் சாச்சுரேஷனை, அதாவது நிறத்தின் அழுத்தத்தை, பூஜ்யமாக்கி ஒரு தடவை பார்ப்பேன். கறுப்பு வெள்ளையில் படிக்க முடிந்தால் அந்த ஜோடி தேறும்.

பதில் 2

நான் பேக்கிரவுண்ட் ஆப்ஷனைக் கவனிக்காமல் தனியாகச் செவ்வகம் வரைந்து எழுத்துக்கு அடியில் வைக்கிற ஆள். பிரீமியரில் ஒருமுறை 'கொ'வின் கொம்பு தப்பான பக்கம் போய் உட்கார்ந்துவிட்டது. பிரிஃபரன்ஸஸில் கிராஃபிக்ஸ் பகுதிக்குப் போய் டெக்ஸ்ட் இன்ஜினை (எழுத்தை அடுக்கிக் காட்டும் அமைப்பு) சவுத் ஏஷியன் என்று மாற்றியதும் எழுத்து சரியானது. ஆனால் பெயரின் அகலம் மாறி, நாற்பது டைட்டிலில் பட்டை ஒரு பக்கம், பெயர் ஒரு பக்கம். ராத்திரி முழுக்க இழுத்து இழுத்துச் சரிசெய்தேன். பேக்கிரவுண்ட் டிக் என்றால் எழுத்தோடு அதுவே நீண்டு சுருங்கும் என்று அப்புறம்தான் தெரிந்தது.

பதில் 3

காசில்லாதவர்கள் டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் சாஃப்ட்வேரின் இலவசப் பதிப்பில் டெக்ஸ்ட் பிளஸ் என்ற டைட்டிலை எடுங்கள். ஷேடிங் டேபில் 4வது எலிமெண்டை எனேபிள் செய்தால் எழுத்துக்குப் பின்னால் நீலப் பட்டை வரும். பட்டை வரிக்கு வர வேண்டுமா, வார்த்தைக்கு வர வேண்டுமா என்று சொல்ல லெவல் என்று ஒன்று இருக்கிறது, அதில்தான் நான் மாட்டினேன். வேர்ட் என்று விட்டுவிட்டேன். மாப்பிள்ளையின் இனிஷியல் மட்டும் தனியாக ஒரு குட்டிப் பெட்டியில், பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தது! அதை லைனுக்கு மாற்றுங்கள். பட்டையின் உயரத்தைக் கூட்டும் எக்ஸ்டெண்ட் வெர்ட்டிக்கலைக் கொஞ்சம் தாராளமாகக் கூட்டுங்கள். 'ழு', 'ரு' எல்லாம் கீழே காலை நீட்டும்.

பதில் 4

சப்டைட்டில் போடுபவன் நான். ஏஎஸ்எஸ் என்ற சப்டைட்டில் கோப்பில் பார்டர் ஸ்டைலை 3 என்று வைத்தால் வரிக்குப் பின்னால் பெட்டி வரும். சிவப்புக்கு சிவப்பு, பச்சை, நீலம் என்ற வழக்கமான வரிசையில் நிற எண்ணைக் கொடுத்தேன், நீலம் வந்தது. அங்கே நிறம் நீலம், பச்சை, சிவப்பு என்று தலைகீழாக எழுத வேண்டுமாம். ஒபாசிட்டியும் அப்படித்தான்: 00 என்றால் முழு அடர்த்தி. ஒரு மணி நேரம் போச்சு.

தொடங்கியவர்

எல்லாருக்கும் நன்றி. நேற்று ஒரு புது ஆர்டர் வந்தது. மாப்பிள்ளை பையன், "பேருக்குப் பின்னாடி கறுப்புப் பட்டை வைங்கண்ணே, கெத்தா இருக்கும்" என்றான். வீட்டில் அப்பத்தா இருக்காங்களா தம்பி என்று முதலில் கேட்டுக்கொண்டேன்.