பாஸ் ரஷரின் சாக் கணக்கில் பயிற்சியாளருக்கு எவ்வளவு பங்கு?

கேள்வி:
அனைவருக்கும் வணக்கம். அமெரிக்கக் கால்பந்தில், குவார்ட்டர்பேக் பந்தை எறிவதற்குள் அவரை விரட்டிப் பிடிக்கும் பாஸ் ரஷர்களை நாம் பெரும்பாலும் சாக் எண்ணிக்கையை, அதாவது அப்படி அவரைப் பிடித்து வீழ்த்திய தடவைகளை, வைத்தே எடைபோடுகிறோம். ஆனால் பஃபலோ பில்ஸ் அணிக்காக 2014இல் 14.5 சாக் எடுத்த மரியோ வில்லியம்ஸ், 2015இல் ஐந்தோடு நின்றுவிட்டார். அப்போது அவருக்கு முப்பது வயது. ஒரே ஆண்டில் ஒருவருடைய ஆற்றல் இவ்வளவு வற்றிவிடுமா, அல்லது தற்காப்பு முறை மாறியதுதான் காரணமா?

பதில் 1:
வயதை அறவே ஒதுக்கிவிட முடியாது. ஆயினும் அந்த அணி முழுவதுமாக 2014இல் 54 சாக் எடுத்து லீக்கிலேயே முதலிடத்தில் இருந்தது. மறு ஆண்டு 21தான் எடுத்தது. ஒரு வரிசையே சேர்ந்தாற்போல் மூப்படைந்துவிடாது அல்லவா? 2014இல் தற்காப்புப் பயிற்சியாளராக இருந்த ஜிம் ஷ்வார்ட்ஸின் முறையில் முன்வரிசை நால்வருக்கும் முதல் வேலை முன்னோக்கிப் பாய்வதுதான். அடுத்து வந்த தலைமைப் பயிற்சியாளர் ரெக்ஸ் ரயானின் முறையிலோ, வரிசையின் விளிம்பில் நிற்பவர் சில சமயம் பின்வாங்கி, எறியப்படும் பந்துக்குக் காவல் நிற்க வேண்டியிருந்தது. இதை வில்லியம்ஸ் அப்போதே வெளிப்படையாகக் குறைகூறினார்.

பதில் 2:
முறைதான் எல்லாம் என்று சொல்லிவிடவும் என் மனம் ஒப்பவில்லை. ஹாசன் ரெடிக்கைப் பாருங்கள். கல்லூரியில் விளிம்பிலிருந்து பாய்ந்து பெயரெடுத்த அவரை, 2017இல் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் 13ஆவது இடத்தில் எடுத்த அரிசோனா கார்டினல்ஸ் அணி, முன்வரிசைக்குப் பின்னே நடுவில் நிற்கும் லைன்பேக்கராக மாற்றியது; முதல் மூன்று ஆண்டுகளில் அவர் எடுத்தவை மொத்தமே 7.5 சாக். 2020இல் மீண்டும் விளிம்புக்கு வந்ததும் 12.5 எடுத்தார், அவற்றில் ஐந்து, நியூயார்க் ஜயன்ட்ஸுக்கு எதிரான ஒரே ஆட்டத்தில் வந்தவை. அடுத்த ஆண்டு கரோலினாவில் 11, அதற்கடுத்த ஆண்டு ஃபிலடெல்ஃபியாவில் 16. மூன்று அணிகள், மூன்று பயிற்சியாளர் குழுக்கள். பலன் மட்டும் மாறவில்லை. அந்தத் திறமை அவருடையதே. அவரைத் தவறான இடத்தில் நிறுத்தி மூன்று ஆண்டுகளை வீணாக்கியதைத்தான் என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை.

பதில் 3:
நண்பர் சொன்ன ரெடிக்குக்கு நேர்மாறானவர் ஜேசன் பேபின். 2004இல் முதல் சுற்றில் தேர்வான அவர், டென்னஸியில் முன்வரிசைப் பயிற்சியாளர் ஜிம் வாஷ்பர்னிடம் வந்துசேரும் வரை ஒரு பருவத்தில்கூடப் பத்து சாக்கைத் தொட்டதில்லை. 2010இல் 12.5 எடுத்தார், வாஷ்பர்னைத் தொடர்ந்து ஃபிலடெல்ஃபியாவுக்குப் போய் 2011இல் 18 எடுத்தார். வாஷ்பர்னின் ‘வைட் நைன்’ அமைப்பில் ரஷர், எதிரணித் தடுப்பு வரிசையின் ஓரத்தில் நிற்கும் டேக்கிளை ஒட்டி நிற்காமல், நன்றாக வெளியே தள்ளி, உடலைக் குவார்ட்டர்பேக் பக்கம் சாய்த்து நிற்பார். தடுக்க வேண்டிய டேக்கிள் அவசரமாகப் பின்னால் அடியெடுத்து வைக்க, மார்பைக் குறிவைத்து நீளும் அவருடைய கையை ரஷர் தட்டிவிட்டு, வெளித்தோளைச் சுற்றி வளைந்து உள்ளே நுழைந்துவிடுவார். அந்தக் கையைத் தட்டும் நொடியைச் சொல்லிக்கொடுப்பதுதான் பயிற்சியாளரின் வேலையென்றால், ஓடிவர அந்த இடைவெளியைத் தருவது முறையின் வேலை. அதற்கு விலையும் உண்டு: விளிம்பில் நிற்பவர் விலகி நிற்பதால் நடுவே வழி திறக்கிறது, பந்தை ஏந்தி ஓடுபவர் அதில் புகுந்தால் லைன்பேக்கர்கள்தாம் அடைக்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. அப்படியானால் வில்லியம்ஸின் 2015 ஆட்டங்களை மறுபடி பார்க்கும்போது, அவர் எத்தனை முறை முன்னே பாய்ந்தார், எத்தனை முறை பின்வாங்கினார் என்பதைத் தனித்தனியே எண்ணிப் பார்க்கிறேன்.