கின்னஸ் ஸ்டோர்ஹவுஸ் எதில் முதல்?

செங்கல்பித்தன்: அயர்லாந்தின் டப்ளினில் இருக்கும், கின்னஸ் பீர் நிறுவனத்தின் கட்டடமான கின்னஸ் ஸ்டோர்ஹவுஸ்தான் "உலகின் முதல் எஃகுச் சட்டகக் கட்டடம்" என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியிருக்கிறார். அதாவது, சுவருக்குப் பதில் எஃகுத் தூணும் உத்திரமுமே பாரம் தாங்கும் கட்டடங்களில் இதுதான் முதலாம். படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. கட்டத் தொடங்கியதே 1902இல். பாணியோ அமெரிக்காவின் சிகாகோ நகரில் உருவான சிகாகோ பாணி. அந்த சிகாகோவில் ஹோம் இன்சூரன்ஸ் கட்டடம் 1885இலேயே உலோகச் சட்டகத்தில் பத்து மாடியோடு நின்றது. பிள்ளை பிறந்த பிறகா அப்பன் பிறந்தான்?

பொருநை ரவி: எழுதியது நான்தான், பெயரைச் சொல்லியே திட்டலாம். ஹோம் இன்சூரன்ஸில் கீழ்மாடிகள் இரும்பு, மேலேதான் எஃகு. கின்னஸ்தான் முதல்.

செங்கல்பித்தன்: அதே ஊரில் 1890இல் ராண்ட் மெக்னாலி கட்டடம் முழுக்க எஃகு. அயர்லாந்தின் முதல் பலமாடி எஃகுக் கட்டடம் என்று எழுதுங்கள், நானே கைதட்டுகிறேன். உலகின் முதல் இல்லை.

தச்சன்: அண்ணே, 1797இல் இங்கிலாந்தின் ஷ்ரூஸ்பரியில் கட்டிய ஆளி நூல் ஆலையை மறந்துவிட்டீர்களே? உள்ளே எல்லாம் இரும்புத் தூண், இரும்பு உத்திரம். பிற்பாடு பீருக்கு பார்லி முளைகட்டும் இடமாகவும் இருந்தது.

செங்கல்பித்தன்: அது வார்ப்பிரும்பு! பேச்சு எஃகைப் பற்றி. ஸ்காட்லாந்தில் எஃகால் கட்டிய போர்த் பாலத்தை வார்ப்பிரும்பு என்று எழுதி மாட்டிக்கொண்டவர்தானே நீங்கள்?

தச்சன்: அது போன வருடக் கதை. அதை ஏன் இங்கே இழுக்கிறீர்கள்?

டப்ளின் மேரி: நான் இரண்டு முறை போயிருக்கிறேன். எஃகுத் துண்டுகளை இணைக்கும் ரிவெட் ஆணிகளின் தலைகள் வரிசையாகப் புடைத்து நிற்கும் உத்திரங்களை அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும். பெயர்தான் கிடங்கு, யீஸ்ட் சேர்த்து பீரை நொதிக்க வைத்த இடம் அது. 1988 வரை அந்த வேலை நடந்தது. நடுவில் பைன்ட் கிளாஸ் (பீர் குடிக்கும் உயரமான கண்ணாடிக் குவளை) வடிவில் கண்ணாடிக் கூடத்தை வைத்து 2000இல் திறந்தார்கள். அந்தக் கூடம் எனக்குப் பிடிக்கவே இல்லை.

பொருநை ரவி: அந்தக் கண்ணாடி வந்ததால்தான் கட்டடம் இடிபடாமல் நிற்கிறது, அக்கா.

டப்ளின் மேரி: உள்ளே ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டுப் பேசுங்கள், தம்பி.

செங்கல்பித்தன்: கண்ணாடியை விடுங்கள். ரவி, ராண்ட் மெக்னாலிக்கு இன்னும் பதில் வரவில்லை. 1890.

பொருநை ரவி: அது இடிந்து எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. இது நிற்கிறது.

செங்கல்பித்தன்: இடித்துவிட்டால் கட்டிய வருடம் மாறிவிடுமா? 1890!

பொருநை ரவி: என் பதிவை நான் திருத்தப்போவதில்லை.

தச்சன்: போர்த் பாலம் பற்றி அப்போதே திருத்திவிட்டேன். அதையும் எல்லோரும் பார்த்துக்கொள்ளட்டும்.