செம்பனைத் தோட்டத்தைக் கடந்து பள்ளிக்குப் போகும் வழி: கடப்பிடத்திற்கும் நடைபாதைக்கும் யாரிடம் பணம் கேட்பது?

கேள்வி (பெற்றோர் ஆசிரியர் சங்கச் செயலவை உறுப்பினர், சிலாங்கூர், மலேசியா)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பட்டணத்தைச் சுற்றியிருந்த செம்பனைத் தோட்டங்களில் பாதி இப்போது தாமான்களாகிவிட்டன, அதாவது குடியிருப்புப் பகுதிகளாகிவிட்டன. தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளைக் காலி செய்த குடும்பங்கள் பெருஞ்சாலைக்கு அந்தப் பக்கம் மலிவு விலை வீடுகளில் குடியேறிவிட, தமிழ்ப்பள்ளியும் கோவிலும் பழைய இடத்திலேயே நிற்கின்றன. பிள்ளைகள் நான்கு தடச் சாலை ஒன்றைக் கடந்து, அதன் பிறகு தோட்டத்துச் செம்மண் பாதையில் கால் மணி நேரம் நடக்க வேண்டும். சாலையில் இருந்த வெள்ளைக்கோடுகள் லோரிச் சக்கரங்களில் தேய்ந்து, இருந்த இடம் தெரியாமல் போய்விட்டன. தோட்டப் பாதையில் ஒரு பரிட்டின் (வடிகாலின்) மேல் ஒற்றைப் பலகைதான் பாலம். சென்ற வாரம் மழை விட்டதும், இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி காலணியைக் கழற்றி ஒரு கையில் வைத்துக்கொண்டு, மறுகையால் தம்பியைப் பிடித்தபடி அந்தப் பலகையில் பக்கவாட்டில் அடியெடுத்து நடந்ததைப் பார்த்தேன்.

இரண்டு அலுவலகங்களுக்குக் கடிதம் எழுதினோம். "இது எங்கள் பொறுப்பில் இல்லை" என்றே இரண்டிலிருந்தும் பதில் வந்தது. மேம்பாலம் கட்டித் தரும்படி கேட்கலாம் என்கிறார் எங்கள் தலைவர். இதற்கெல்லாம் உண்மையில் யாரிடம் பணம் இருக்கிறது?

மறுமொழி 1 (சாலைப் பராமரிப்புப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்)

வணக்கம் அம்மா. பணத்தைத் தேடுவதற்கு முன்னால் அந்தச் சாலை யாருடையது என்று பாருங்கள். சாலையோரக் கிலோமீட்டர் கல்லில் எண் மட்டும் இருந்தால் அது கூட்டரசுச் சாலை, அதாவது மத்திய அரசின் சாலை. எண்ணுக்கு முன்னால் 'பி' என்ற எழுத்து இருந்தால் சிலாங்கூர் மாநிலச் சாலை. பேராக்கில் அந்த எழுத்து 'ஏ', ஜொகூரில் 'ஜே'. தாமானுக்குள் இருக்கும் சாலைகள் பெரும்பாலும் ஊராட்சி மன்றத்தைச் சேர்ந்தவை. "எங்கள் பொறுப்பில் இல்லை" என்ற பதில் பல நேரங்களில் உண்மைதான்; யார் பொறுப்பு என்பதையும் ஒரு வரியில் எழுதியிருக்கலாமே என்பதுதான் என் வருத்தம்.

மாநிலச் சாலை என்றால், கூட்டரசு அரசியலமைப்பின் 109ஆவது பிரிவின்படி மத்திய அரசு ஒவ்வொரு மாநிலத்திற்கும் சாலை மானியம் தருகிறது. 'மாரிஸ்' என்று அலுவலகங்களில் சொல்லப்படும் பதிவேட்டில் ஏறிய சாலைகளின் நீளமே அதற்குக் கணக்கு. அது முதன்மையாகப் பராமரிப்புக்கான பணம் என்பதால், தேய்ந்த கோடுகளை மீண்டும் வரைவதற்கும் எச்சரிக்கைப் பலகையை மாற்றுவதற்கும் தயங்காமல் கேட்கலாம். சாலை நடுவே புதிதாகத் திட்டு அமைப்பதும் சமிக்ஞை விளக்கு பொருத்துவதும் வேறு கணக்கு; அவற்றை மாநிலத்தின் மேம்பாட்டு ஒதுக்கீட்டில் சேர்க்கச் சொல்ல வேண்டும். ஊராட்சி மன்றத்திடம் நீங்கள் ஆண்டுக்கு இருமுறை கட்டும் மதிப்பீட்டு வரியும், 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 132ஆவது பிரிவின் கீழ் வரும் மேம்பாட்டுச் சேவை நிதியும் இருக்கின்றன. பக்கத்தில் புதிய தாமானுக்குத் திட்ட அனுமதி கோரப்பட்டிருந்தால் இன்னும் நல்லது. கடப்பிடம் அமைப்பதை அனுமதியின் நிபந்தனையாகவே வைக்க முடியும். அனுமதி கொடுத்த பிறகு போய்க் கேட்டால் ஒன்றும் கிடைக்காது.

ஊராட்சித் தேர்தல்கள் 1965இல் நிறுத்தப்பட்டவை திரும்ப வரவில்லை. கவுன்சிலர்களை மாநில அரசே நியமிக்கிறது. ஆகவே கவுன்சிலருக்கு அனுப்பும் கடிதத்தின் நகலைச் சட்டமன்ற உறுப்பினருக்கும் அனுப்புங்கள்.

மறுமொழி 2

மேம்பாலம் வேண்டாம் என்பதே என் கருத்து. எங்கள் ஊரில் ஒன்று நிற்கிறது. அதன் நிழலில் ஐஸ் வியாபாரம் நடக்கிறது, மக்கள் கீழேயே கடக்கிறார்கள். முட்டிவலி உள்ள பாட்டியால் பேரப்பிள்ளையின் பையைச் சுமந்துகொண்டு அத்தனை படிகளை ஏறி இறங்க முடியாது.

கணக்கைப் பாருங்கள். ஒரு தடம் மூன்றரை மீட்டர் என்றால் நான்கு தடங்களும் சேர்ந்து 14 மீட்டர். வினாடிக்கு 1.2 மீட்டர் நடப்பவருக்கு ஏறத்தாழ 12 வினாடி பிடிக்கும், வினாடிக்கு 0.8 மீட்டர் நடக்கும் முதியவருக்கோ 17 வினாடிக்கு மேல் பிடிக்கும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் லோரி அந்த 17 வினாடியில் 280 மீட்டருக்கு மேல் வந்துவிடும். அவ்வளவு தூரத்தில் வரும் வண்டியின் வேகத்தை ஏழு வயதுப் பிள்ளை எப்படிக் கணிக்கும்? நடுவில் நின்று மூச்சுவிட ஒரு திட்டு இருந்தால் ஒரு முறைக்கு ஏழு மீட்டர்தான், அதுவும் ஒரே திசையைப் பார்த்துக் கடக்கலாம். மேம்பாலத்தின் செலவில் ஒரு சிறு பகுதியே இதற்கு ஆகும்.

மறுமொழி 3

தோட்டப் பாதையைப் பற்றி யாரும் பேசவில்லையே. அது நிறுவனத்தின் நிலமாக இருந்தால், அரசாங்கப் பணம் வருவதற்கு முன்னால் வழியுரிமை வேண்டும். தேசிய நிலச் சட்டத்தில் 'நில நிர்வாகியின் வழியுரிமை' என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. தனியார் வழியுரிமை, பொது வழியுரிமை என இரு வகை. மாவட்ட நில அலுவலகத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும். தோட்டத்தை விற்றாலும் பாதை நிலைக்க வேண்டுமென்றால் இந்த வேலையைத் தள்ளிப் போடாதீர்கள். மேனேஜர் வாய்மொழியாகக் கொடுத்த அனுமதி அவர் மாறும் நாளிலேயே போய்விடும். எங்கள் தோட்டத்தில் முள்கம்பி விழுந்தது அப்படித்தான். பாதையின் ஒரு பகுதி ஆற்றோர ஒதுக்கு நிலத்தில் போகிறதா என்றும் பாருங்கள். போனால் அந்தப் பகுதிக்கு நிறுவனத்தைக் கேட்க வேண்டியதில்லை, வடிகால் நீர்ப்பாசனத் துறையிடம் பேச வேண்டும்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. இன்று மாலை கல்லைப் போய்ப் பார்த்தேன். பாசியைச் சுரண்டியதும் 'பி' தெரிந்தது. பலகை இருக்கும் இடம் தோட்ட எல்லைக்குள்ளா, ஒதுக்கு நிலத்திலா என்று நில அலுவலகத்தில் வரைபடம் கேட்கப் போகிறோம். கோடு, திட்டு, பாதை என்று மூன்று தனிக் கடிதங்களாக எழுதலாம் என்றதற்குத் தலைவரும் ஒப்புக்கொண்டார், மேம்பாலத்தை விட மட்டும் அவருக்கு மனமில்லை. வரும் திங்கள் தொடங்கி ஐந்து நாள், காலை ஆறரை முதல் ஏழரை வரை, கடப்பவர்களைத் தலையெண்ணிக் குறிக்கப் போகிறோம். முதியவர்களைத் தனியாக எண்ண வேண்டுமா, அல்லது மொத்த எண்ணிக்கை போதுமா ஐயா?

மறுமொழி 1

தனியாக எண்ணுங்கள். மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடப்பவர்களையும் விட்டுவிடாதீர்கள்.