புதுப்பிப்பு: மடக்கு போன் கீலில் கறகற சத்தம்

போன மாதம், என் மடக்கு போனைத் திறந்தால் கீல் கறகறக்கிறது என்று எழுதியிருந்தேன். தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விடச் சொன்னீர்கள். நல்லவேளை, விடவில்லை. சர்வீஸ் சென்டரில் பிரித்துக் காட்டினார்கள்: குட்டிப் பற்சக்கரங்களுக்கு நடுவே பொடி மணல், பாக்கெட் பஞ்சு. எண்ணெய் பட்டிருந்தால் மணலோடு குழைந்து உப்புத்தாள் மாதிரி தேய்த்திருக்கும்.

போனின் ஐபி48-இல் (தூசி, தண்ணீரை எவ்வளவு தடுக்கும் என்று காட்டும் குறியீடு) தண்ணீருக்கான 8-ஐப் பார்த்து ஏமாந்துவிட்டேன். முன்னால் உள்ள 4, 1 மி.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட துகளுக்குத்தான் தடை. கடற்கரை மணல் பெரும்பாலும் அதைவிடப் பொடி.

கீலைத் திரையோடு சேர்த்தே மாற்றினார்கள், என் காசில். இப்போது சாவி, சில்லறை இல்லாத பையில் மூடியே வைக்கிறேன். அப்புறம், ஒரு கையால் சுண்டித் திறப்பதும் நிறுத்தம். வாரம் ஒருமுறை காய்ந்த, மெல்லிய பிரஷ். காற்றடிக்க வேண்டாம், தூசி உள்ளே போய்விடும்.