அக்வா ப்ளூ என்ற அயர்லாந்து சைக்கிள் பந்தய அணியை நேரில் பார்த்தவர்கள் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

லொசானிலிருந்து:

2017 ஜூன் 13, சுவிட்சர்லாந்தில் பல நாள் நடக்கிற டூர் டி சுவிஸ் சைக்கிள் பந்தயத்தின் நான்காம் நாள். பெர்னில் கிளம்பி வில்லார் மலையில் முடிகிற பந்தயம். லீவு போட்டுவிட்டு மகனையும் கூட்டிக்கொண்டு ஒலோனுக்கு மேலே ஒரு வளைவில் நின்றேன். முதலில் மோட்டார் சைக்கிள் சத்தம், அப்புறம் ஒரே ஒருவர். லாரி வார்பாஸ், அமெரிக்கர். கை நீட்டினால் தொடலாம், அவ்வளவு பக்கத்தில் போனார், மூச்சு இரைப்பது எங்களுக்குக் கேட்டது. "எந்த டீம் அப்பா?" என்றான் மகன். எனக்குச் சட்டென்று பெயர் வரவில்லை. பின்னால் துரத்திய இத்தாலியர் கருசோவால் கடைசிவரை அவரைப் பிடிக்க முடியவில்லை. தொடங்கி அரை வருடம்கூட ஆகாத அணி அது!

வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். அயர்லாந்தின் கார்க் நகரைச் சேர்ந்த தொழிலதிபர் ரிக் டெலானி தொடங்கியது. மற்ற அணிகள் ஸ்பான்சர் பணத்தில் ஓடுகின்றன, ஸ்பான்சர் கைவிட்டால் கதை முடிந்தது. இவர்கள் ஆன்லைனில் சைக்கிள் சாமான் கடை போட்டு, அந்த வருமானத்திலேயே அணியை நடத்தப் பார்த்தார்கள். அந்த யோசனைக்காகவே அவர்களை மனசாரப் பிடித்துப் போனது. அதே வருடம் ஸ்பெயினின் பெரிய பந்தயமான வுவெல்டாவுக்கும் அழைப்பு வந்தது. அதன் நடுவில், அல்மேரியாவில் ராத்திரியோடு ராத்திரியாக அணியின் பஸ்ஸுக்குத் தீ வைத்துவிட்டார்கள், ஆனாலும் பந்தயத்தை விடவில்லை. அடுத்த வாரமே லோஸ் மச்சூகோஸ் மலையேற்றத்தில் முடிந்த அன்றைய பந்தயத்தில் அவர்கள் அணியின் ஸ்டெஃபான் டெனிஃப்ல் முதலாவதாக வந்தபோது நானும் மகனும் டிவி முன்னால் கத்தித் தீர்த்தோம். 2019இல் அவர் இரத்த ஊக்க மோசடியை, அதாவது தன் இரத்தத்தை எடுத்து வைத்துப் பந்தயத்துக்காக மறுபடி ஏற்றிக்கொண்டதை, ஒப்புக்கொண்டார், அந்த வெற்றியும் பறிபோனது. மகனிடம் அதைச் சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆனது.

கார்க்கிலிருந்து:

அண்ணா, நான் அந்தக் கடையில் டியூப் வாங்கியவன். வாங்குகிற ஒவ்வொரு டியூபிலும் கொஞ்சமாவது ஓட்டுகிறவர்கள் சம்பளத்துக்குப் போகும் என்று நினைத்தே வாங்குவேன். 2018இல் அவர்கள் முன்பக்கம், மிதிக்கட்டை அருகே, ஒற்றைப் பல்சக்கரம் மட்டும் உள்ள சைக்கிளில் ஓட்டினார்கள், 3T நிறுவனத்தின் ஸ்ட்ராடா. எல்லாரும் இரண்டு வைத்து ஓட்டுகிற இடத்தில் அது துணிச்சல்தான், ஆனால் பந்தயம் பிழைப்பாக இருப்பவர்களை வைத்தா சோதிப்பது என்று எனக்கு அப்போதே உறுத்தியது. அந்த வருடம் அயர்லாந்து சாம்பியன் ஆன கானர் டன் அவர்கள் ஆள், உயரம் 2 மீட்டர் 4 செ.மீ. ஒருமுறை அணியின் கார் பக்கத்தில் நின்றிருந்தார், கார் கூரை அவர் மார்புக்குக் கீழே இருந்தது.

அதே வருடம் ஆகஸ்ட் 27ஆம் தேதி, அணியை மூடப்போகிறோம் என்று செய்தி வந்தது. டூர் ஆஃப் பிரிட்டனுக்கு ஒரு வாரம்கூட இல்லை, அதிலும் ஓடவில்லை. அடுத்த வருட இடங்களை மற்ற அணிகள் பெரும்பாலும் நிரப்பிவிடுகிற நேரம் அது. டன்னும் வார்பாஸும் சைக்கிளில் பையைக் கட்டிக்கொண்டு ஆல்ப்ஸ் பக்கம் போனார்கள், அதற்கு 'நோ கோ டூர்' என்று பெயரும் வைத்தார்கள். அப்புறம் இரண்டு பேருக்கும் வேறு அணி கிடைத்தது. அங்கே வேலை பார்த்த மெக்கானிக், மசாஜ் செய்தவர் யாரையாவது சந்தித்தவர்கள் இருந்தால் எழுதுங்கள், அவர்கள் கதையும் இங்கே வரட்டும்.