வாக்களித்தது கவுன்சிலருக்கு, கழிவுநீருக்குப் பொறுப்பு யார்?

தென்சென்னைவாசி:
வணக்கம். 2011இல் மாநகராட்சியோடு சேர்க்கப்பட்ட ஒரு பகுதியில் வசிக்கிறேன். கடந்த ஐப்பசி அடைமழையில் தெருமுனைப் பாதாளச் சாக்கடை மூடியைத் தள்ளிக்கொண்டு கழிவுநீர் பொங்கி, மூன்றாம் வீட்டு வாசலில் கோலம் போடும் இடம் வரை வந்து நின்றது. கவுன்சிலர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது என் கையில் இல்லை" என்றார். அப்படியானால் 2022இல் நாங்கள் வரிசையில் நின்று வாக்களித்தது எதற்காக? இதை யாரிடம் கேட்பது?

ஓய்வுபெற்ற ஊழியர்:
ஐயா, அவர் சாக்குச் சொல்லவில்லை. சென்னையில் மழைநீர் வடிகால் மாநகராட்சியின் பொறுப்பு. குடிநீரும் பாதாளச் சாக்கடையும் 1978ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த குடிநீர் வாரியத்தின் பொறுப்பு. வாரியம் மாநில அரசுக்குக் கட்டுப்பட்டது, கவுன்சிலர்கள் கூடும் மாமன்றத்துக்கு அன்று. சொத்து வரி ரசீதையும் குடிநீர் வரி ரசீதையும் அருகருகே வைத்துப் பாருங்கள், இரண்டும் வெவ்வேறு இடத்தில் கட்டியவை. எனவே உங்கள் பகுதிக்கான வாரிய அலுவலகமான டிப்போவில் மனு கொடுத்துப் பதிவு எண்ணைத் தவறாமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

சட்ட மாணவர்:
சிக்கலின் வேர் இன்னும் ஆழத்தில் இருக்கிறது. 1993 ஜூன் 1 முதல் நடைமுறையில் உள்ள 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம், பன்னிரண்டாம் அட்டவணையில் நகராட்சிகளுக்குரியவை என 18 பணிகளைக் குறிப்பிடுகிறது. குடிநீர் வழங்கலும் அவற்றுள் ஒன்று. ஆனால் எதை ஒப்படைப்பது என்பதை அது மாநிலச் சட்டமன்றத்தின் முடிவுக்கு விட்டுவிட்டது. கோட்டையில் மாறி மாறி அமர்ந்த இரு கழகங்களும் வாரியத்தை மாமன்றத்திடம் ஒப்படைக்கவில்லை. சட்டமன்றத் தேர்தலில் வாக்குக் கேட்டு வருபவர்களிடம் நாம் கேட்க வேண்டிய கேள்வி இதுதான் என்று உறுதியாக நம்புகிறேன்.

வடசென்னைத் தாய்:
வாக்களித்தது வீண் என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியாது. 2016 அக்டோபரில் மாமன்றத்தின் காலம் முடிந்த பிறகு 2022 பிப்ரவரி 19 வரை மாநகராட்சித் தேர்தலே நடக்கவில்லை. அரசு நியமித்த தனி அலுவலர்தான் நிர்வாகத்தை நடத்தினார். 2019 தண்ணீர்ப் பஞ்சத்தில் நள்ளிரவில் லாரிக்காகக் குடங்களை வரிசையில் வைத்துக் காத்திருந்தோம். 200 வார்டுகளில் எதிலும் எங்களுக்காகப் பேச ஒரு கவுன்சிலர் இல்லை. அவ்வளவு காத்திருந்து வந்த தேர்தலிலும் சென்னையில் ஏறக்குறைய 43 விழுக்காட்டினரே வாக்களித்தார்கள் என்பது இன்றும் மனத்தை வருத்துகிறது. கவுன்சிலருக்கு அதிகாரம் குறைவுதான், ஆனால் பொறியாளரைத் தெருவுக்கு அழைத்துவர அவரால் முடியும். வார்டு மக்கள் கூடிக் குறைகளைப் பேசும் பகுதி சபைக் கூட்டத்துக்குத் தெருவிலிருந்து பத்துப் பேராவது சேர்ந்து செல்லுங்கள். வாரியப் பொறியாளரும் வர வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள்.

தென்சென்னைவாசி:
மூவருக்கும் நன்றி. நாளை டிப்போவில் மனு கொடுக்கிறேன். மூன்றாம் வீட்டு அம்மாவும் கையெழுத்திட்டு உடன் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.