ஜூனில் மாலத்தீவு தேனிலவு: 6 இரவு, எனக்கு நீச்சல் தெரியாது, அவர் சுத்த சைவம்

நெய்தல்:
வைகாசிக் கடைசி முகூர்த்தத்தில் கல்யாணம். ஜூன் மூன்றாவது வாரம் மாலத்தீவு போகிறோம், 6 இரவு. மாலேயில் மாலை 5 மணிக்கு இறங்குகிறோம், திரும்பும் விமானம் காலை 11-க்கு. இரண்டு டிக்கெட்டும் போட்டாயிற்று, மாற்ற முடியாது.

ஏஜென்ட் ஒரு ரிசார்ட்டில் வாட்டர் வில்லா (கடல்மேல் தூண்களில் நிற்கும் அறை), இரவுக்கு 500++ டாலர் என்கிறார். கடல்விமானத்தில்தான் போகணுமாம். என் கேள்விகள்: 6 இரவும் ரிசார்ட்டா, சில நாள் உள்ளூர் தீவா? ஜூன் மழை எல்லாவற்றையும் கெடுத்துவிடுமா? மாப்பிள்ளைக்கு நீச்சல் தெரியும், எனக்குத் தெரியாது. அவர் முட்டைகூடத் தொடமாட்டார், நான் மீன் என்றால் விடமாட்டேன். இருவரும் குடிப்பதில்லை. ஹாஃப் போர்டா (காலை, இரவு உணவு), ஃபுல் போர்டா (மூன்று வேளையும்), ஆல் இன்க்ளூசிவா (பானங்களும் சேர்த்து), எது சரி?

கடலோடி:
வில்லா இருக்கட்டும் தோழி, முதலில் அந்த 5 மணியைப் பாருங்க. கடல்விமானம் பகல் வெளிச்சத்தில் மட்டும்தான் பறக்கும். சுமார் 3.30-க்குள் மாலேயில் இறங்கினால்தான் அன்றைக்கே ஏறலாம். நீங்கள் இமிக்ரேஷன் முடித்து, பெட்டி எடுத்து வெளியே வரவே 6 ஆகிவிடும். அப்புறம் விமான நிலையத்துக்குப் பக்கத்து ஹுல்ஹுமாலேயில் அறை போட்டு, காலையில் திரும்ப விமான நிலையத்துக்கு வரவேண்டும். அதற்குள் ரிசார்ட்டில் முதல் இரவுக்குக் கட்டிய பணம் போயே போச்சு. ஏஜென்ட் இதைச் சொல்லவில்லையென்றால், மற்றதையும் ஒருமுறை சரிபார்ப்பது நல்லது.

உங்கள் நேரத்துக்கு ஒத்துவருவது இரண்டு வழி. ஒன்று, மாலேக்குப் பக்கத்திலேயே காஃபு அட்டோலில் (அட்டோல் என்றால் வளையமாக அமைந்த பவளத்தீவுக் கூட்டம்) ஸ்பீடுபோட் போகும் ரிசார்ட். பல ரிசார்ட்டுகள் ராத்திரியிலும் படகு விடும், முன்பதிவு செய்யும்போதே எழுத்தில் கேட்டு வாங்குங்க. இன்னொன்று, உள்நாட்டு விமானம் பிடித்து தரவந்தூ (பா அட்டோல்) போய், அங்கிருந்து படகு. உள்நாட்டு விமானம் இருட்டிலும் பறக்கும் என்பதால் அன்றைக்கே போய்ச் சேரலாம்.

செலவிலும் இதுதான் பெரிய வித்தியாசம். கடல்விமானம் போக வர ஆளுக்கு 400 முதல் 700 டாலர் வரை போகும். பக்கத்து ஸ்பீடுபோட் 100 முதல் 250-க்குள் முடிந்துவிடும். கடல்விமானத்தில் பெட்டி 20 கிலோ, கைப்பை 5 கிலோ, கூடினால் கிலோவுக்குக் காசு. கல்யாணப் பட்டுப்புடவையெல்லாம் வீட்டிலேயே விட்டுவிடுங்க. புறப்படும் நேரமும் முந்தின நாள் சாயங்காலம்தான் தெரியவரும். காலை 11 மணி விமானத்தை வைத்துக்கொண்டு அந்தப் பதற்றம் வேண்டாம்.

ஒரு சின்ன விஷயம், ஆனால் பலர் சறுக்கும் இடம்: மாலே நேரம் நம்மைவிட அரை மணி பின்னால். சில ரிசார்ட்டுகள் மாலையில் வெளிச்சம் நீளட்டும் என்று தீவுக் கடிகாரத்தை மாலேயைவிட ஒரு மணி நேரம் முன்னால் வைத்திருக்கும். "படகு 7 மணிக்கு" என்றால் எந்த 7 என்று கேளுங்க.

பவளக்கொடி:
ஜூன் பற்றி. மே முதல் நவம்பர் வரை தென்மேற்குப் பருவம். நாள் முழுக்க அடைமழை என்பது சில நாள்தான். அரை மணி கொட்டும், வெளுக்கும், மறுபடி இருட்டும். உண்மையான தொந்தரவு காற்று. மேற்குக் கரையில் அலை அடிக்கும், தண்ணீர் கலங்கும், ஸ்பீடுபோட் குதிக்கும். வாந்தி வருகிறவர் என்றால் மாத்திரையைப் படகேறுவதற்கு அரை மணி முன்பே போடணும். குமட்டல் தொடங்கியபின் போட்டுப் பயனில்லை. பின்வரிசையில் உட்காருங்கள், முன்பக்கம்தான் தூக்கிப் போடும்.

ஆனால் இதே காற்றால்தான் பா அட்டோலில் ஹனிஃபாரு விரிகுடாவுக்கு மான்டா திருக்கைகள் வருகின்றன. நீரோட்டம் மிதவை உயிரிகளை அந்தச் சின்ன விரிகுடாவுக்குள் தள்ளிக் குவிக்கும், திருக்கைகள் வாயைத் திறந்துகொண்டு அதைத் தின்ன வரும். ஜூன் முதல் நவம்பர் வரைதான் இது. பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாட்களில் ஓதம் பலமாக இருப்பதால் வாய்ப்பு கூடும். தேதியைக் காலண்டரில் வைத்துப் பாருங்கள். 2011-இலிருந்து பா அட்டோல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகம் என்பதால் கட்டுப்பாடு உண்டு: ஸ்கூபா (காற்றுச் சிலிண்டரோடு மூழ்குவது) கூடாது, ஸ்நோர்கல் (மாஸ்க், மூச்சுக்குழாயோடு மேலே மிதந்து பார்ப்பது) மட்டும், உரிமம் பெற்ற வழிகாட்டியோடு, 45 நிமிடம். தொடக்கூடாது, பிளாஷ் அடிக்கக்கூடாது. தரவந்தூவிலிருந்து படகில் சில நிமிடம்தான். முதல் நாள் வரவில்லையென்றால் மறுநாள் போகலாம், அதனால் அங்கே இரண்டு காலையாவது கையில் வையுங்கள். மிதவை உயிரி நிறைந்த தண்ணீர் மங்கலாகத்தான் இருக்கும். பளிங்கு நீரை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான்.

நீச்சல் தெரியாதது தடையில்லை, ஆனால் நேராக ஹனிஃபாருவில் குதிக்காதீர்கள். முதல் நாள் இடுப்பளவு லகூனில் (பவளப்பாறைக்கு உள்ளே இருக்கும் ஆழமில்லாத கடல்) லைஃப் ஜாக்கெட்டோடு முகத்தை மட்டும் தண்ணீரில் வைத்து, வாயால் மூச்சுவிட்டுப் பழகுங்கள். பதற்றம் வருவது பெரும்பாலும் நீச்சல் தெரியாததால் இல்லை, மாஸ்க்குக்குள் தண்ணீர் கசிவதால். வாங்கும்போதே சோதித்துவிடலாம்: பட்டியை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் லேசாக இழுங்கள், கையை எடுத்தாலும் விழாமல் ஒட்டி நின்றால் அது உங்கள் மாஸ்க். சிலிகான் ஓரத்துக்கு அடியில் ஒரு முடி சிக்கினாலும் கசியும், அதனால் நெற்றி முடியை நன்றாகப் பின்னுக்குத் தள்ளிக்கொள்ளுங்கள். அவருக்கு மீசை அடர்த்தி என்றால் மேலுதட்டுக்கு மேலே கொஞ்சம் வாசலின். பனி படியாமலிருக்க உள்ளே ஒரு சொட்டு குழந்தை ஷாம்பூ தேய்த்து அலசிவிடுங்கள். முதுகுக்கு சன்ஸ்கிரீனை நம்பாமல் முழுக்கைச் சட்டையாகப் போடுங்கள்; ஒரு மணி நேர ஸ்நோர்கலில் பின்தொடை வெந்துவிடும்.

அவர் தனியாகப் பவளப்பாறைக்குப் போவாரானால் இரண்டு எச்சரிக்கை. அட்டோலுக்குள் தண்ணீர் போய்வரும் வாய்க்கால் பக்கம் இழுவை பலம், நீரோட்டத்தைக் கேட்டுவிட்டுத்தான் இறங்கணும். டைட்டன் டிரிகர் என்று பெரிய கிளாத்தி இன மீன் கூடு காக்கும்போது துரத்திக் கடிக்கும். அதன் எல்லை மேலே போகப்போக விரியும் கூம்பு மாதிரி, அதனால் மேல்நோக்கித் தப்பினால் இன்னும் அதன் எல்லைக்குள்தான் இருப்பார். பக்கவாட்டில் விலகி நீந்தணும்.

உப்புக்காற்று:
பவளக்கொடி சொன்னதோடு ஒத்துப்போகிறேன், ஒன்றைச் சேர்க்கிறேன்: 6 இரவும் வாட்டர் வில்லா தண்டச்செலவு. ஜூனில் மேற்குப் பார்த்த வில்லா என்றால் இரவெல்லாம் காற்று இரைச்சல், படிக்கட்டில் அலை. நீச்சல் தெரியாதவருக்கு அந்தப் படியில் இறங்கினால் ஆழம் எவ்வளவு என்பதே முதல் கேள்வி. இரண்டு இரவு தரவந்தூவில் விடுதி, நான்கு இரவு பக்கத்து ரிசார்ட்டில். அந்த நான்கிலும் இரண்டு கடற்கரை வில்லா, கடைசி இரண்டு வாட்டர் வில்லா, கிழக்குப் பக்கமாக. ஒரே ரிசார்ட்டுக்குள் அறை மாறினால் பெட்டியை அவர்களே தூக்கிவைப்பார்கள். "ஹவுஸ் ரீஃப் (தீவை ஒட்டிய பவளப்பாறை) கரையிலிருந்து எத்தனை மீட்டர்" என்றும் கேளுங்கள். வெறும் மணல் லகூன் மட்டும் உள்ள தீவில் ஒவ்வொரு முறையும் மீன் பார்க்கப் படகுக்குக் காசு கட்டணும்.

உள்ளூர் தீவு என்றால் அங்கே ஊர் இருக்கிறது, மக்கள் இருக்கிறார்கள். நீச்சலுடை அதற்கென ஒதுக்கிய கடற்கரையில் மட்டும். தெருவில் கட்டிப்பிடித்துப் போட்டோ எடுப்பதையும் தவிர்க்கலாம். வெள்ளிக்கிழமை தொழுகை நேரத்தில் கடைகள் மூடியிருக்கும், படகுகளும் குறையும், அன்றைக்கு இடமாற்றம் வைக்காதீர்கள். மது நாட்டுக்குள் கொண்டுவரவே தடை, வரும் வழியில் டியூட்டி ஃப்ரீயில் யாருக்காவது பரிசாக வாங்கிவிடாதீர்கள். சிப்பி, பவளத் துண்டு எதையும் பையில் போடவேண்டாம்.

நெய்தல்:
கடல்விமானத்தை விட்டாச்சு, நன்றி! தரவந்தூ 2 + ரிசார்ட் 4 என்று வைத்துக்கொள்கிறோம். அந்த 500++ எனக்கு இன்னும் புரியவில்லை. சாப்பாடும் சொல்லுங்கள். அவர் ஸ்கூபா செய்துபார்க்க ஆசைப்படுகிறார்.

கணக்கப்பிள்ளை:
++ என்றால் சேவைக் கட்டணமும் வரியும் வெளியே நிற்கிறது என்று பொருள். 500-க்கு 10% சேவைக் கட்டணம் சேர்த்தால் 550. அதன்மேல் சுற்றுலா ஜிஎஸ்டி 17% (2025 ஜூலை முதல்) போட்டால் 643.50. பசுமை வரி ரிசார்ட்டில் ஆளுக்கு நாளுக்கு 12 டாலர், இருவருக்கு 24. ஆக இரவுக்கு 667.50, நான்கு இரவுக்கு 2,670. படகும் சாப்பாடும் இதில் இல்லை. தரவந்தூவில் 50 அறைக்குள் உள்ள விடுதி என்றால் பசுமை வரி ஆளுக்கு 6 டாலர்தான்.

சாப்பாடு: குடிப்பதில்லை என்றால் ஆல் இன்க்ளூசிவ் உங்களுக்கு நஷ்டம், அதன் விலையில் பெரும்பங்கு சாராயத்துக்கு. காலை உணவைத் தாமதமாகவும் வயிறாரவும் சாப்பிடுபவர்களுக்கு ஹாஃப் போர்டு போதும். ஆனால் இரவு உணவோடு குடிக்கும் தண்ணீர், ஜூஸுக்குத் தனி பில் வருமா என்று கேளுங்கள், பல இடத்தில் வரும். பஃபே அல்லாத உணவகங்களுக்குப் போகும்போது திட்டத்திலிருந்து ஒரு தொகை மட்டும் கழிப்பார்கள், மீதி உங்கள் கையிலிருந்து. அந்த மேசைகளைப் போய் இறங்கிய அன்றே பதிவு செய்யுங்கள். கடலுக்கடியில் 5 மீட்டரில் இருக்கும் இதா உணவகத்தைப் படத்தில் பார்த்துவிட்டுக் கேட்பீர்கள்: அது ஆரி அட்டோல் பக்கம், ரங்காலியில். உங்கள் தீவிலிருந்து இரவுச் சாப்பாட்டுக்குப் போய்வர முடியாது.

அவருடைய சைவத்துக்கு உண்மையான சவால் மாசி. நம் தென்கடற்கரைக்காரர்களுக்குத் தெரியும். காய்ந்த சூரையைத் தூளாக்கித் தேங்காய்ச் சம்பல், கீரை, பொரியல் எதிலும் போட்டுவிடுவார்கள், கண்ணுக்குத் தெரியாது. "மீன் வேண்டாம்" என்றால் துண்டை எடுத்துவிட்டுக் குழம்பைத் தருவார்கள். "மீன், மாசி, மீன் சாறு, இறைச்சி, முட்டை எதுவும் கூடாது" என்று ஒவ்வொன்றாக எழுதி, இரண்டு இடத்துக்கும் ஒரு வாரம் முன்னரே மின்னஞ்சல் அனுப்புங்கள். தரவந்தூவில் பருப்புக் கறியும் ரொஷியும் (நம் சப்பாத்தி மாதிரி) அவருக்குப் போதும். உங்களுக்கு அங்கே கொண்டாட்டம்: காலையில் மஸ் ஹுனி (சூரை, தேங்காய்த் துருவல், வெங்காயம், மிளகாய், எலுமிச்சை), மதியம் கருதியா என்ற தெளிந்த மீன் சாறும் சோறும்.

மணல்திட்டில் மெழுகுவர்த்தி விருந்து கேட்கும்போது, காற்றடித்தால் வேறு நாளுக்கு மாற்றுவார்களா, காசு திரும்புமா என்று உறுதிசெய்யுங்கள். ஜூனில் இரண்டில் ஒன்று தேவைப்படலாம். காற்று மறைந்த பக்கத்துக் கடற்கரையில் போடச் சொன்னால் பாதி சிக்கல் தீரும். தேனிலவுச் சலுகைக்குத் திருமணச் சான்றிதழ் நகல் கேட்பார்கள், பதிவு செய்யும்போதே சொல்லணும். பதிவுத் திருமணச் சான்று கைக்கு வர நாளாகும் என்றால் பத்திரிகை செல்லுமா என்று முன்கூட்டியே கேளுங்கள்.

ஸ்கூபா: முதல்முறை முயல்பவரை 12 மீட்டருக்குக் கீழே இறக்கமாட்டார்கள். மருத்துவப் படிவத்தில் ஆஸ்துமா, காதுப் பிரச்சினை என்று ஒரு 'ஆம்' விழுந்தால் மருத்துவர் சான்று இல்லாமல் விடமாட்டார்கள், அதை ஊரிலேயே வாங்கிவிடுங்கள். சளி இருக்கும்போது இறங்கவே கூடாது, காது அடைத்துக்கொள்ளும். கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் 18 மணி நேர இடைவெளி வேண்டும். உங்களுக்கு 11 மணி விமானத்துக்கு முன் அதிகாலையில் தரவந்தூ விமானமும் இருக்கிறது, கணக்கு அதிலிருந்துதான் தொடங்கும். முந்தின நாள் காலை டைவ் கூடத் தள்ளிவைத்து, ரிசார்ட்டின் முதல் இரண்டு நாளில் முடித்துவிடுங்கள்.

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு முன்விசா வேண்டாம். இமுகா பயண அறிவிப்பை விமானத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் இருவரும் தனித்தனியாக நிரப்பணும், திரும்பும்போதும் ஒருமுறை. அது இலவசம், காசு கேட்கும் தளம் என்றால் போலி.

ரிசார்ட் பில்லைக் கிளம்பும் முந்தின இரவே வாங்கி வரிவரியாகப் பாருங்கள். அதிகாலை ஐந்து மணிக்குப் படகை வைத்துக்கொண்டு யாரும் மினிபார் தண்ணீர் பாட்டிலுக்குச் சண்டை போட முடியாது.